கார் டிக்கியில் இருந்த மிருதங்கம்

குடியேறிய நாட்டின் மொழியில் வீட்டுக்கு வரும் கடிதங்களை அம்மா அப்பாவுக்கு வாசித்துச் சொல்கிற உத்தியோகம் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பத்து வயதில் மின்சாரக் கட்டணம், பதினொன்றில் வருமான வரி, பன்னிரண்டில் குடிவரவுக் கந்தோர். இப்போது உங்களுக்கும் எனக்கும் நாற்பது நெருங்குகிறது. மருந்துப் போத்தலில் இருக்கும் சின்ன எழுத்தை வாசிக்கக் கையை நீட்டிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இந்த வயதில் ஒரு உண்மையை ஒப்புக்கொள்ளலாம்: அந்த உத்தியோகத்தில் நம்மில் ஒருவரும் யோக்கியமாக இருக்கவில்லை. ‘பிள்ளை வகுப்பில் ஓயாமல் பேசுகிறாள்’ என்று கடிதத்தில் இருந்தால், ‘பிள்ளை வகுப்பில் வடிவாகக் கதைக்கிறாளாம்’ என்று வாசித்தவர்கள் நாம். சிரியுங்கள், பரவாயில்லை. நான் அப்படி வாசித்த ஒரு கடிதம் மட்டும் சிரிக்கிற மாதிரி முடியவில்லை.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். நாங்கள் பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில், ஒரு மூன்று மாடிக் கட்டடத்தில், முதல் மாடியில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், ஐந்து வயதுத் தம்பி. அப்பாவுக்கு ஆஸ்பத்திரித் துணிகள் வெளுக்கும் இடத்தில் வேலை. காலை ஆறு மணிக்குத் தொடங்கி மூன்று மணிக்கு வீட்டுக்கு வருவார். சுடுதண்ணீரும் சவர்க்காரத் தூளும் தின்று அவர் விரல் நுனிகள் எப்போதும் வெடித்திருக்கும். அந்த விரல்களால்தான் அவர் மிருதங்கம் வாசித்தார்.

பெரிய வித்துவான் என்று நினைக்க வேண்டாம். நடனம் பழகும் பிள்ளைகளின் ஒத்திகைக்கு, கோயில் திருவிழாவுக்கு, யாராவது பாட வந்தால் அவர்களுக்கு. ஊரிலிருந்து வரும்போது அப்பா மூன்று விமான நிலையங்கள் தாண்டி அந்த மிருதங்கத்தை மடியில் வைத்துக்கொண்டே வந்தாராம். ‘பெட்டியை விட்டிட்டார், என்னையும் ரெண்டு தரம் விட்டிட்டார், அதை மட்டும் விடேல்லை’ என்று அம்மா விருந்தாளிகளுக்குச் சொல்லிச் சிரிப்பார். வாசிக்க முன் ரவையைத் தண்ணீர் விட்டுக் குழைத்து இடப்பக்கத் தோலில் ஒரு வட்டமாக அப்ப வேண்டும். அப்போதுதான் அந்தப் பக்கம் அடிவயிற்றிலிருந்து வருவது போலப் பேசும். வாசித்து முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவார். எங்கள் வீட்டில் உப்புமாவுக்கு வாங்கிய ரவையில் பாதி மிருதங்கத்துக்குப் போனது.

எங்களுக்கு நேர் கீழே கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் கொன்சியேர்ஜ் குடியிருந்தார். அப்பா கையை வைத்த இரண்டாவது நிமிடத்தில் கீழேயிருந்து நீளக் கம்புள்ள தும்புத்தடியால் கூரையை இடிப்பார். பிறகு இடிப்பது போய்க் கடிதம் வரத் தொடங்கியது. மூன்றாவது கடிதத்தில், இனியும் சத்தம் கேட்டால் வீட்டை விட்டு எழுப்ப நடவடிக்கை எடுக்கப்படும் என்று இருந்தது. அதை நான் ஒழுங்காகவே வாசித்தேன். அன்றிலிருந்து அப்பா வீட்டில் மிருதங்கத்தைத் தொடவில்லை. சோபாவில் கிடந்த பச்சைத் தலையணையை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, அதில் வாசிப்பார். பொத்துப் பொத்தென்று ஒரு சத்தம். அதுவும் பக்கத்தில் இருந்தால்தான் கேட்கும். சில மாதங்களில் அந்தத் தலையணையின் இரண்டு ஓரமும் குழிந்துபோனது. எனக்கு அதைப் பார்க்க எரிச்சலாக இருக்கும். சிநேகிதிகள் வந்தால் தலையணையை ஒளித்து வைப்பேன்.

அம்மா ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவரின் வீட்டைத் துப்புரவாக்கப் போவார். அந்த அம்மையாருக்குப் புத்தகங்கள் அதிகமாகி, அலுமாரியைக் காலியாக்கும் யோசனை வந்திருந்தது. ஒவ்வொரு செவ்வாயும் அம்மா ஒரு பை நிறையப் புத்தகம் கொண்டுவருவார். எல்லாம் ஆங்கில நாவல்கள், அதிலும் அமெரிக்க நாவல்கள். எனக்குப் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு, தொலைக்காட்சியில் ஆங்கிலம், வீட்டில் தமிழ். அப்பாவும் அம்மாவும் அந்தப் புத்தகங்களை எடை பார்த்துத்தான் மதித்தார்கள். “எவ்வளவு மொத்தம் பாருங்கோ. வாசிக்கட்டும், இங்கிலிஷ் வளரும்,” என்பார் அம்மா. உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

உள்ளே ஆலைகள் இருந்தன. ஆலை மூடப்பட்ட ஊர்கள் இருந்தன. பனி பெய்யும் சின்ன வீடுகளில் வேலை போன அப்பாமார், அடுக்களையில் நின்று சிகரெட் பிடிக்கும் அம்மாமார், வானொலிப் பாட்டு ஒன்றைக் கேட்டவுடன் நாற்பது வருடத்துக்கு முந்திய ஒரு சண்டையை நினைத்து அழும் மகள்மார். எல்லா வீட்டிலும் ஏதோ ஒரு வாத்தியம் இருந்தது. எல்லா வீட்டிலும் ஏதோ ஒன்று உடைந்தது. நான் படுக்கையில், குளியலறையில், பஸ்ஸில் என்று வாசித்துத் தள்ளினேன்.

அதில் ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது. இரும்பாலையில் வேலை செய்யும் ஒரு அப்பா. சனிக்கிழமைகளில் அக்கோடியன் என்ற துருத்தி வாத்தியத்தை வாசித்து ஊரையே ஆட வைப்பவர். ஆலை மூடுகிறது. ஒரு நாள் அந்த மனிதர் அக்கோடியனைத் தூக்கி அடுப்பில் அடித்து, அடித்து, அது வாய் பிளந்து கிடக்கும்வரை உடைக்கிறார். மனைவி சுவரோடு நின்று அழுகிறாள், சின்ன மகன் கட்டிலுக்குக் கீழே ஒளிகிறான். அதற்குப் பிறகு இருநூறு பக்கம் இருக்கிறது. அந்த இருநூறு பக்கத்திலும் அவர் வாத்தியத்தைத் தொடவில்லை. தொடுவார், தொடுவார் என்று பார்த்துக்கொண்டே போய்க் கடைசிப் பக்கத்தை முடித்துவிட்டு நான் கேவிக் கேவி அழுதேன். அழுதபடியே பொறாமைப்பட்டேன். எங்கள் வீட்டில் அப்படி ஒன்றும் நடக்கவில்லையே! தலையணையில் தாளம் போடும் அப்பாவை வைத்துக்கொண்டு என்ன கதை எழுதுவது?

தை மாதம் எங்கள் வகுப்பு ஆசிரியை, மதாம் என்றுதான் கூப்பிடுவோம், ஒரு கட்டுரை எழுதச் சொன்னார். ‘எங்கள் வீட்டில் கேட்ட இசை: ஒரு நினைவு.’ ஒன்றரைப் பக்கம், பிரெஞ்சில். வேறெங்கிருந்தாவது பார்த்து எழுதினால் பூச்சியம் என்று இரண்டு தரம் சொன்னார். நான் பார்த்து எழுதவில்லை, சத்தியமாக. புத்தகம் வீட்டில் இருந்தது. அக்கோடியனை மிருதங்கம் ஆக்கினேன், அடுப்பைச் சுவர் ஆக்கினேன். அப்பா வேலையிலிருந்து வந்து மிருதங்கத்தைத் தூக்கிச் சுவரில் அடித்து உடைத்தார், அம்மா அழுதார், தம்பி கட்டிலுக்குக் கீழே ஒளிந்தான், வெளியே பனி பெய்தது. அந்தப் பனி எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

கொப்பி திரும்பி வந்தபோது வகுப்பிலேயே ஆகக் கூடிய புள்ளி இருந்தது. மணி அடித்த பிறகு மதாம் என்னை நிற்கச் சொன்னார். பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, “இது உண்மையாக நடந்ததா?” என்று கேட்டார். இல்லை என்றால் பூச்சியம். ஆம் என்றால் அந்தப் புள்ளி என்னுடையது. பன்னிரண்டு வயது மூளை அதற்கு மேல் ஓடவில்லை. “ஆம், மதாம்,” என்றேன். அவர் என் தோளைத் தொட்டார். இன்று நானும் இரண்டு பிள்ளைகளின் தாய். அவர் செய்ததுதான் சரி என்று தெரிகிறது. அதற்கு முன் பல வருடம் அந்த மனுசியை மனதுக்குள் வைது தீர்த்தேன்.

அடுத்த கிழமை கடிதம் வந்தது. அப்பா உறையைக் கிழித்து வழக்கம்போல என்னிடம் நீட்டினார். சிறுவர் பாதுகாப்பு அலுவலகம். பிள்ளைகளின் நிலைமை குறித்து ஒரு தகவல் கிடைத்திருக்கிறது. அதிகாரி ஒருவர் வியாழன் மாலை நாலு மணிக்கு வீட்டுக்கு வந்து குடும்பத்துடன் பேசுவார். நான் மூன்று தரம் வாசித்தேன்.

“என்ன பிள்ளை எழுதியிருக்கு?”

“வியாழக்கிழமை நாலு மணிக்கு ஒராள் வருவாராம். வீடு பாக்க.”

“ஆர்?”

“அரசாங்கத்தில இருந்து. ஒரு பொம்பிளை.”

“எதுக்காம்?”

“அது எழுதேல்லை,” என்றேன்.

என் பொய்களில் மிகச் சின்னது அதுதான். மிச்ச வேலையை அது தானே பார்த்துக்கொண்டது.

அம்மா தலையில் கை வைத்தார். “நான் சொன்னனான் எல்லே! கீழ் வீட்டுக்காரன் மேலிடத்துக்கு எழுதிப் போட்டான். இனி எழுப்பத்தான் போறாங்கள். குடியுரிமைக்கு வேற போட்டுக் கிடக்கு.”

அப்பா எழுந்துபோய் அறை மூலையிலிருந்த மிருதங்கத்தைப் பார்த்தார். “சாமான் வீட்டில இருந்தாத்தானே கரைச்சல்,” என்றார். “வியாழக்கிழமை காருக்குள்ள வைச்சு விடுறன்.”

“குளிரில பழுதாப் போகாதே?”

“போர்வையால சுத்தி டிக்கிக்குள்ள வைக்கிறன். ரெண்டு மணித்தியாலம்தானே.”

வியாழன் நாலு மணிக்குச் சரியாக மணி அடித்தது. அம்மா விடியற்காலையிலிருந்து வீட்டைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளக்க வைத்திருந்தார். மேசையில் கிழங்கு வைத்துச் சுருட்டிச் சுடச்சுடப் பொரித்த றோல்ஸ், தேத்தண்ணி. தம்பி மணிச் சத்தம் கேட்டதும் கட்டிலுக்குக் கீழே போய்விட்டான். புது ஆள் யார் வந்தாலும் அவன் போகிற இடம் அதுதான். தபால்காரனுக்கும் போவான்.

வந்தவர் வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றினார். அம்மாவுக்கு அது பிடித்துவிட்டது. “மரியாதை தெரிஞ்ச மனுசி,” என்று என் காதில் சொன்னார். ஆனால் றோல்ஸ் தட்டை நீட்டியதும் அதிகாரி கையால் மறுத்து “நோ, மெர்சி” என்று நன்றி மட்டும் சொன்னார். மூன்று தரம் நீட்டியும் எடுக்கவில்லை. வேலைக்காகப் போன வீட்டில் எதுவும் வாங்கிச் சாப்பிடக் கூடாது என்பது அவர்களுடைய ஒழுங்காம். அது எங்களுக்குத் தெரியாது. கோபத்தோடு வந்திருக்கிறார் என்றுதான் அம்மா நினைத்தார்.

“சின்னவர் எங்கே?” என்று கேட்டார் அதிகாரி. நான் அறையைக் காட்டினேன். அவர் குனிந்து கட்டிலுக்குக் கீழே பார்த்தார். தம்பியின் இரண்டு காலுறைகள் தெரிந்தன. எழுந்து, குறிப்புப் புத்தகத்தில் எதையோ எழுதினார். என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியும்.

பிள்ளையை மொழிபெயர்க்க வைக்க விரும்பவில்லை என்றும், திரும்ப மொழிபெயர்ப்பாளரோடு வருவதாகவும், இன்றைக்கு ஒன்றிரண்டு கேள்விதான் என்றும் சொன்னார். அப்பாவைப் பார்த்து, நிறுத்தி நிறுத்தி, ஆங்கிலத்தில் கேட்டார்: “வீட்டில் ஒரு மேளம் இருக்கிறதா?”

“நோ ட்ரம்,” என்றார் அப்பா உடனே. “நோ நோய்ஸ்.”

“முன்பு இருந்ததா?”

“பிஃபோர், யெஸ். நவ், ஃபினிஷ்.”

பேனை நின்றது. “உடைந்துவிட்டதா?”

அப்பா ஒரு கணம் யோசித்தார். அவர் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். உடைந்த மேளம் சத்தம் போடாது. உடைந்த மேளத்துக்காக எவரும் ஒரு குடும்பத்தை வீட்டை விட்டு எழுப்ப மாட்டார்கள். இதைவிட நல்ல பதில் அவருக்குக் கிடைத்திருக்காது.

“யெஸ், யெஸ். ப்ரோக்கன்.”

“யார் உடைத்தது?”

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து நெஞ்சில் கை வைத்தார். “மீ. ஐ ப்ரேக்.” பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மாவும் உற்சாகமாகத் தலையாட்டினார். “யெஸ், யெஸ். ஹீ ப்ரேக்.”

நான் தேத்தண்ணித் தட்டத்தோடு நின்றேன். தட்டத்தை மேசையில் வைத்தேன்.

அதிகாரி என்னை அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். அப்பாவைக் கண்டால் பயமா என்று கேட்டார். இல்லை என்றேன். கட்டுரையில் எழுதியது உண்மையா என்று கேட்டார். அப்போது சொல்லியிருக்கலாம். ஆனால் உடைத்தேன் என்று அப்பாவே சொல்லியாயிற்று. நான் பொய் எழுதினேன் என்றால் அப்பா அரசாங்கத்துக்குப் பொய் சொன்னவர் ஆவார், குடியுரிமை போகும். நான் எழுதியது உண்மை என்றால் அப்பாவே போவார். நான் வாயைத் திறக்கவில்லை. கட்டிலுக்குக் கீழே தம்பி மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

“திங்கட்கிழமை நாலு மணிக்கு வருகிறேன்,” என்றார் அவர். “பயப்படாதே. இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை. சில வேளைகளில், எல்லாம் சரியாகும்வரை, பிள்ளைகள் கொஞ்ச நாள் வேறு ஒரு வீட்டில் இருப்பது நல்லது. சில வேளைகளில் மட்டும்தான்.” நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு ‘வேறு ஒரு வீடு’ மட்டும்தான் காதில் விழுந்தது.

அவர் போனதும் அப்பா கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். “பாத்தியளே, நல்லா முடிஞ்சுது. உடைச்சுப் போட்டன் எண்டதும் மனுசி கப்சிப். திங்கள் ஒருக்கா வந்து பாத்திட்டுப் போகட்டும். அதுவரைக்கும் சாமான் கீழையே கிடக்கட்டும்.” ஒரு றோல்ஸை எடுத்துக் கடித்தார். அன்று அவர் இருந்த சந்தோசத்தை நினைத்தால் இன்றும் எனக்கு முகம் சுடுகிறது.

அந்த வார இறுதியில் விழுந்த குளிர் உங்களுக்கும் நினைவிருக்கலாம். யன்னலின் உள்பக்கத்திலேயே பனி பூத்தது. அம்மா இரண்டு தரம் கேட்டார்: “அது தாங்குமோ?” அப்பா யன்னலால் காரைப் பார்த்தார். “ரெண்டு போர்வை சுத்தியிருக்கு,” என்றார்.

நான் சனியும் ஞாயிறும் தம்பியை எங்கள் தொலைபேசி இலக்கத்தைப் பாடமாக்க வைத்தேன், வேறு வீட்டுக்குப் போனால் தேவைப்படும் என்று. வீட்டு இலக்கம், தெருப் பெயர், அப்பாவின் முழுப்பெயர், அம்மாவின் முழுப்பெயர். பிழைவிட்டால் திரும்ப முதலிலிருந்து. அவன் அதைப் பாட்டாக்கிக்கொண்டு வீடு முழுக்கக் குதித்தான். “அக்கா தம்பிக்குப் படிப்பிக்கிறாள்,” என்று அம்மா எனக்குக் கூடுதலாக ஒரு கரண்டி பாயாசம் வைத்தார். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனம் அடித்துக்கொண்டது. அம்மா தோசை சுடும்போது போய்ப் பக்கத்தில் நின்றேன். “என்னடி?” என்றார். “ஒண்டுமில்லை,” என்று திரும்பி வந்தேன். இப்படி நாலைந்து தரம்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் மதாம் எனக்கு ஒரு சொக்கலேட் தந்தார். அதைத் தின்ன முடியவில்லை. தம்பிக்குக் கொண்டுவந்து கொடுத்தேன். வீட்டுக்குள் நுழையும்போது மூன்றரை மணி. அப்பா வேலையால் வந்து காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். அம்மா மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். தம்பி சொக்கலேட்டை வாய்க்குள் அடக்கிக்கொண்டு கேட்டான்: “அம்மா, வேற வீட்டில போன் இருக்குமோ?”

“எந்த வேற வீடு?”

“நானும் அக்காவும் போகப் போற வீடு.”

அம்மா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் நான் நின்றது அரை நிமிடம்கூட இருக்காது. எல்லாவற்றையும் கொட்டினேன். கட்டுரை, மதாம், கடிதம், வியாழன் அறைக்குள் நடந்தது. அம்மாவின் கை ஓங்கி மேலே போனது. அங்கேயே நின்றது. மெல்லக் கீழே இறங்கியது.

“அடிக்கவும் ஏலாமப் பண்ணிப் போட்டியேடி,” என்றார்.

அப்பா ஒரு காலுறையைக் கையில் பிடித்தபடி இருந்தார். “நான் மிருதங்கத்தை உடைச்சனான் எண்டே எழுதினனீ?” என்று கேட்டார். பிள்ளைகளைப் பிரிப்பார்கள் என்பது அவருக்கு அதன் பிறகுதான் உறைத்தது. வெறுங்காலைச் சப்பாத்துக்குள் விட்டுக்கொண்டு படியால் ஓடினார். நான் பின்னால் ஓடினேன்.

டிக்கிப் பூட்டு உறைந்துபோயிருந்தது. சாவி போகவில்லை. அப்பா இரண்டு கையையும் பூட்டைச் சுற்றிக் குவித்து ஊதினார். மூச்சு முட்டியதும் என்னைப் பார்த்தார். “ஊது பிள்ளை,” என்றார். நானும் ஊதினேன். மாறி மாறி ஊதினோம். என் கண்ணீர் கன்னத்தில் உறைந்து இழுத்தது. சாவி திரும்பியபோது நாலு மணிக்கு இன்னும் எட்டு நிமிடம்தான் இருந்தது.

போர்வையோடு அதை அணைத்துத் தூக்கிக்கொண்டு திரும்பினால், கட்டடக் கதவை ஒருவர் எங்களுக்காகத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார். கழுத்துப்பட்டி கட்டிய தமிழர். பக்கத்தில் அதிகாரி. “வாங்கோ அண்ணை, பாரமோ?” என்றார் அந்தத் தமிழர். மொழிபெயர்ப்பாளர். கோயிலில் பார்த்த முகம். அம்மா வாசலில் அவரைக் கண்டதும் சுவரில் சாய்ந்துவிட்டார். அந்நியர் முன்னால் வெட்கப்படுவது ஒன்று, எங்கட ஆள் முன்னால் வெட்கப்படுவது வேறு.

நான் ஒருவருக்கும் காத்திருக்கவில்லை. படுக்கைக்குக் கீழிருந்து அந்த நாவலை எடுத்துவந்து, மூலை மடித்த பக்கத்தைத் திறந்து அதிகாரியிடம் நீட்டினேன். இதிலிருந்துதான் எடுத்தேன், அப்பா எதையும் உடைக்கவில்லை, கடிதத்தையும் நான்தான் ஒளித்து வாசித்தேன் என்று பிரெஞ்சில் சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் நான் சொன்னதைத் தமிழில் மெதுவாக அப்பா அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அதிகாரி நின்றபடியே அந்தப் பக்கத்தை வாசித்தார். அடுத்த பக்கத்தையும் வாசித்தார்.

“ஆனால் உன் அப்பாவே உடைத்ததாகச் சொன்னாரே?”

அது தமிழில் வந்ததும் அப்பா கொன்சியேர்ஜின் கடிதங்களைப் பற்றியும், உடைந்த மேளத்துக்குச் சத்தம் இல்லை என்பதைப் பற்றியும் விளக்கினார். மொழிபெயர்ப்பாளருக்குச் சிரிப்பு வந்தது, அம்மாவைப் பார்த்து அடக்கிக்கொண்டார். அதிகாரி சிரிக்கவில்லை. போர்வைக்குள் இருந்ததைப் பார்த்தார். “இது அதே மேளம்தானா?” என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான்.

“அடிச்சுக் காட்டுறன் எண்டு சொல்லுங்கோ,” என்றார் அப்பா.

“அண்ணை, இப்பத்தானே குளிருக்குள்ளால வந்தது. கொஞ்சம் பொறுங்கோவன்.”

வாசிக்கத் தேவையில்லை, பார்த்ததே போதும் என்று அதிகாரியும் சொன்னார். அப்பாவுக்கு அது நம்பிக்கையாக இல்லை. “முழுசா இருக்கெண்டு அவ எழுதிக்கொண்டு போகவேணும்,” என்றார். போர்வையை அவிழ்த்து மிருதங்கத்தைச் சூடாக்கியின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். தோலைக் குழந்தைப்பிள்ளையைத் துடைப்பதுபோலத் துடைத்தார். மரத்தில் வியர்வை மாதிரித் தண்ணீர் அரும்பியது. வேறு எந்த நாளிலும் அதைச் சூட்டுக்குக் கிட்ட விட மாட்டார், எங்களைக்கூட ஈரக்கையோடு தொட விடமாட்டார். அன்றைக்கு அவருக்கு எங்கள் இரண்டு பேரையும் தவிர ஒன்றும் நினைவில் இல்லை. அம்மா கேட்காமலே கிண்ணத்தில் ரவை குழைத்துக் கொண்டுவந்து வைத்தார்.

பத்து நிமிடம் இருக்கும். அப்பா நிலத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்து, ரவையை அப்பி, இரண்டு பக்கமும் ஒருதரம் தட்டிப் பார்த்தார். பிறகு வாசித்தார்.

எத்தனை மாதமாகத் தலையணைக்குள் போன சத்தம்! அறை நிறைந்தது. வெடித்த விரல்கள் அதில் ஓடியதை நான் அதற்கு முன் ஒழுங்காகப் பார்த்ததே இல்லை. கீழேயிருந்து தும்புத்தடி இடித்தது. அம்மா திடுக்கிட்டார். அப்பா நிறுத்தவில்லை. இடி பலத்தது, அப்பாவும் பலத்தார். தம்பி கட்டிலுக்குக் கீழிருந்து வந்து, புது ஆட்கள் இரண்டு பேர் முன்னாலும் பயமில்லாமல் வாயைத் திறந்துகொண்டு நின்றான். அதிகாரியின் கையில் பேனை சும்மா இருந்தது. இனி எங்களை ஒருவரும் பிரிக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்தது.

அப்போது ஒரு சத்தம், சுள்ளி முறிவதுபோல. அடுத்த அடிக்கு வலப்பக்கம் பதில் சொல்லவில்லை. கறுப்பு வட்டத்தின் ஓரமாகத் தோல் கிழிந்து உள்ளே விழுந்தது. அதிலிருந்து மரத்தில் ஒரு கோடு இறங்கி, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கவே வயிறுவரை ஓடியது. அப்பாவின் கை அதன்மேல் அப்படியே இருந்தது. கீழே இடிப்பதும் நின்றுவிட்டது.

“உடைஞ்சு போச்சு,” என்றான் தம்பி.

மொழிபெயர்ப்பாளர் தன் வேலையை மறக்கவில்லை. அதைப் பிரெஞ்சில் சொன்னார்.

அதிகாரி குறிப்புப் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தார். மேசைக்குப் போய், அம்மா நீட்டாமலே, ஒரு றோல்ஸை எடுத்து நின்றபடி முழுவதும் சாப்பிட்டார். கையைத் துடைத்துக்கொண்டு அம்மாவிடம் “மெர்சி, மதாம்” என்றார். சப்பாத்தைப் போடும்போது அவர் ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை.

இரண்டு கிழமை கழித்து, விசாரணை முடிந்துவிட்டது என்று கடிதம் வந்தது. அகராதியை வைத்துக்கொண்டு, முகவரியிலிருந்து கையெழுத்துவரை, ஒரு சொல் விடாமல் வாசித்துக் காட்டினேன். அன்று அம்மா என்னைச் சாமிப் படத்துக்கு முன்னால் நிறுத்திக் கர்ப்பூரம் கொளுத்தி, சாகும்வரை பொய் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வாங்கினார். அப்பா டொரண்டோவில் மிருதங்கம் திருத்துகிறவர்களுக்குத் தொலைபேசி எடுத்து விசாரித்தார். தோல் மாற்றலாம், வெடித்த மரத்தை ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். அந்தப் பலாமரக் கூடு உடுப்பு அலுமாரிக்குள் கிடந்து, பிறகு நாங்கள் புரோசார்ட்டுக்கு வீடு மாறும்போது எங்கேயோ தவறிப்போனது. நான்தான் கவனித்திருக்க வேண்டும்.

கடிதம் வந்த அடுத்த சனிக்கிழமை காலை. அப்பா என்னைக் கூப்பிட்டார். இவ்வளவு நாளும் அதைப்பற்றி ஒரு சொல் கேட்காதவர், “நீ எழுதினதை எனக்கு ஒருக்காச் சொல்லு,” என்றார். கொப்பியை எடுத்துவந்து பிரெஞ்சைத் தமிழாக்கிச் சொன்னேன். அப்பா உடைத்தார், அம்மா அழுதார், தம்பி ஒளிந்தான். ஒவ்வொரு வரியும் வாயில் கல்லுப் போல இருந்தது. பனி வரும் இடத்தில் நிறுத்தினேன். அவர் கோபிக்கவில்லை. தன் விரல் வெடிப்புகளைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

“புத்தகத்தில வாற அந்த மனுசனுக்கு என்ன வேலை?”

“இரும்பு ஆலை.”

“வேலை போயிட்டுதோ?”

“ஓம்.”

“பிள்ளையள் எத்தினை?”

“மூண்டு.”

“பாவம்,” என்றார் அப்பா. “உடைச்ச பிறகு பேந்து எப்பவாவது வாசிச்சவரோ?”

அடுப்படியில் அம்மா கரண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். சாமிப் படத்துக்கு முன்னால் கர்ப்பூரம் எரிந்த தட்டில் இன்னும் கரி இருந்தது.

“ஓம் அப்பா,” என்றேன். “கடைசிப் பக்கத்தில வாசிச்சவர்.”

“அதுதானே,” என்றார் அப்பா. கையை நீட்டிச் சோபாவிலிருந்த பச்சைத் தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.